பதினோராவது பொத்தான்

பொதிகை மலையடிவாரத்தில், பஞ்சாலைக்காரர்கள் ஒரு காலத்தில் வரிசையாகக் கட்டிவிட்ட பதினாறு வீட்டு லைனில், ஆறாம் நம்பர் வீட்டு ரெஜினா தன்னுடைய புது ரிதம் பெட்டியில் ஏழாவது பொத்தானில் அடி வைத்தால் ஏழாம் நம்பர் வீட்டுக் கதவு தட்டப்படும் என்பதும், மூன்றாவதில் வைத்தால் மூன்றாம் நம்பர் வீட்டுக் குளியலறை வாளி அதிரும் என்பதும் இப்போது அங்கே யாருக்கும் செய்தியே இல்லை. கரண்ட் போவதும் குழாயில் தண்ணீர் வருவதும் போல அதுவும் ஒன்று. வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேலும் கீழும் பார்ப்பார்கள். லைன்காரர்கள், "ரெஜினா பழகிக்கிட்டு இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள்.

ரெஜினாவுக்கு நாற்பத்தாறு வயது. சுடலைக்கண்ணு அண்ணன் நடத்தும் மெல்லிசைக் குழுவில் பதினேழு வருஷமாக இருக்கிறாள். ட்ரம்ஸ் வாசிக்கிறவர், டோலக் வாசிக்கிறவர் என்று ஆள் வைத்துக்கொள்ள முடியாத அந்தச் சின்னக் குழுவில் மொத்தத் தாளத்தையும் வாசிப்பது ஒரு பெட்டி. எந்தப் பாட்டுக்கு எந்த அடி எந்த இடத்தில் விழவேண்டும் என்று முன்கூட்டியே அதில் பதித்துவைத்து, மேடையில் அதை ஓடவிட்டு, பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும்போது தாளத்தை மாற்றிவிடுவது ரெஜினாவின் வேலை. கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு நடக்கவில்லை. நடக்காததைப் பற்றி அவள் வருத்தப்பட்டதாகவும் யாரும் பார்க்கவில்லை. ஏனென்றால் பதினோராம் நம்பர் வீட்டில் கோமதி இருந்தாள்.

கோமதி அந்தக் குழுவின் பாடகி. புருஷன் செத்து, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து, தனி ஆளாக இருந்தவள். ஆறாம் நம்பரில் குழம்பு வைத்தால் பதினோராம் நம்பருக்கு ஒரு கிண்ணம் போகும். பதினோராம் நம்பரில் தலைவலி என்றால் ஆறாம் நம்பரில் சுக்கு தட்டுகிற சத்தம் கேட்கும். கச்சேரி முடிந்து வேனில் திரும்பும்போது கோமதி ரெஜினாவின் தோளில் தூங்குவாள், ரெஜினா மடியில் இருக்கும் பெட்டி குலுங்காமல் பிடித்துக்கொண்டு வருவாள். பதினாலு வருஷம் அப்படித்தான் போனது.

பிறகு ஒரு கோவில் கொடை விழாவில், சேரன்மகாதேவிப் பக்கத்து ஊர் ஒன்றில், அம்மன் பாட்டின் இரண்டாவது சரணத்தில் கோமதியின் குரல் தாளத்தைவிட்டு ஒரு நூல் விலகியது. அதற்கு முந்தின கச்சேரியிலும் அப்படித்தான் விலகியிருந்தது, அதற்கும் முந்தினதிலும். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். பாட்டு முடிந்ததும் கோமதி திரும்பி, பெட்டி எங்கோ தடுக்குகிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் பார் என்று மெல்லக் கேட்டாள். ரெஜினாவுக்கு அன்றைக்கு என்ன கோபமோ, பக்கத்தில் மைக் திறந்திருப்பதைக்கூடக் கவனிக்காமல் சொன்னாள்:

"மெஷின் தப்பாது கோமதி. பாடுதவதான் தப்பும்."

நாலு தெருவுக்குக் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் எல்லாம் அதைச் சொன்னது.

அந்த வாரமே கோமதி சூரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டைக் காலி செய்யவில்லை, பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது ரெஜினாவின் வாசல் வழியாகத்தான் போகவேண்டும், போனாள், நிற்கவில்லை. ரெஜினாவும் கூப்பிடவில்லை. இரண்டு பேருமே, அடுத்தவள் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டார்கள், அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு நாள் பழைய பெட்டி விளக்கே எரியாமல் கிடந்தது. ரெஜினா அதைத் துண்டில் சுற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஹமீது பாயிடம் கொடுத்தாள். வானொலிப் பெட்டி காலத்திலிருந்து இந்த வேலை பார்க்கிறவர். அவர் பெட்டியைத் திறந்து, உள்ளே கடுகளவு இருந்த ஏதோ ஒன்றைக் கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்துவிட்டு, இனி இது எழுந்திருக்காது என்றார். நேரத்தை எண்ணுகிற சில்லு போய்விட்டது, அந்தக் கம்பெனி இப்போது அதைச் செய்வதும் இல்லை என்றார். பிறகு, எப்போது கெட்டது என்று ரெஜினா கேட்காதபோதே சொன்னார்.

"இது ஒருநாள்ல போனது இல்லம்மா. மூணு வருஷமா அப்பப்ப ஒரு கணம் தடுக்கிக்கிட்டேதான் இருந்திருக்கும். கேக்கிறவங்களுக்குத் தெரியாது. கூடப் பாடுறவங்களுக்குத்தான் தெரியும்."

ரெஜினா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தாள். நாலு பஸ்ஸை விட்டுவிட்டு ஐந்தாவது பஸ்ஸில் ஏறினாள்.

சுடலைக்கண்ணு அண்ணன் வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். வைகாசி பிறந்தால் கல்யாணக் கச்சேரிகள் இருக்கின்றன, அதற்குள் பழகிக்கொள் தாயி என்றார். பழகுவதா, அது எங்கே பழகவிட்டது. பழைய பெட்டியில் பதிந்ததைப் பத்திரப்படுத்தும் பொத்தான் இருந்த இடத்தில் புதியதில் பதிந்ததை அழிக்கும் பொத்தான் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து பதித்த ஒரு கல்யாணப் பாட்டைப் பத்திரப்படுத்துகிறேன் என்று அவள் தானே மூன்று தடவை அழித்தாள். பழையதில் ஒரு தட்டு தட்டினால் நடந்த காரியம் இதில் ஒன்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்பினால்தான் நடந்தது. விரல்கள் பாவம், பதினைந்து வருஷம் போய்வந்த வழியிலேயே போய், அங்கே அந்த வீடு இல்லாமல் திகைத்து நின்றன. கூடவந்த புத்தகத்தில் படங்கள் இருந்தன, அம்புக்குறிகள் இருந்தன, அவளுக்குத் தெரிந்த எதுவும் இல்லை. ஒன்று மட்டும் இரண்டு பெட்டிக்கும் பொது: வரிசையாகப் பதினாறு பொத்தான்கள், ஓடவிட்டால் இடமிருந்து வலமாக ஒரு சின்னச் சிவப்பு விளக்கு அவற்றின்மேல் நடந்துபோகும், எந்தப் பொத்தானில் அடி வைத்திருக்கிறோமோ அங்கே அடி விழும், பதினாறு முடிந்தால் மறுபடியும் ஒன்று.

வாங்கிய ஐந்தாம் நாள், காலை பத்து மணிக்கு, அவள் எல்லாப் பொத்தானிலும் ஒவ்வோர் அடி வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டபோதுதான் அது நடந்தது. ஒன்றாம் நம்பரில் கதவுச் சங்கிலி, இரண்டாம் நம்பரில் பால் பாத்திரம், மூன்றில் வாளி, நாலில் இரும்புக் கட்டில், ஐந்தில் அம்மிக் குழவி, ஆறில் ரெஜினாவின் தலைக்கு மேலேயே இருந்த டம்ளர் தட்டு, ஏழில் கதவு என்று சத்தம் வீடு வீடாக நடந்து லைனின் கோடிக்குப் போய், பதினாறாம் நம்பரில் தொங்கிய அரிக்கேன் விளக்கை ஆட்டிவிட்டு, மறுபடியும் ஒன்றாம் நம்பருக்கு வந்தது. ஹெட்போன் மாட்டியிருந்த ரெஜினாவைத் தவிர எல்லோருக்கும் கேட்டது.

பெண்கள் வெளியே வந்து நின்று, எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்று சத்தத்தோடு தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். எட்டாம் நம்பர் தையல்காரர் பிச்சையாதான் வந்து ஜன்னல் வழியாக ரெஜினாவின் பெட்டியையும் நடக்கும் விளக்கையும் பார்த்து, எண்ணி, விஷயத்தைப் புரிந்துகொண்டார். அவர் வெளியே வந்து சொன்னதும், அப்படியா என்று எல்லோரும் அடுப்பைக் கவனிக்கப் போனார்கள்.

அதன் பிறகு பேசவேண்டியிருந்தது எல்லாம் ஒழுங்குமுறை பற்றித்தான். குழாயில் தண்ணீர் வந்து நின்றபிறகு பத்திலிருந்து பன்னிரண்டு வரை பழகிக்கொள்ளலாம் என்று முடிவானது. மூன்றாம் நம்பரில் யாராவது குளித்துக்கொண்டிருந்தால் மூன்றாவது பொத்தானை விட்டுவிடவேண்டும். கனமான அடியை வைத்தால் கதவும் கட்டிலும், மெல்லிய அடியை வைத்தால் டம்ளரும் கரண்டியும் சத்தம் போடுவதைக் கண்டுபிடித்து, கண்ணாடிச் சாமான் உள்ளவர்கள் தங்களுக்குக் கனம் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்கள். பதினாலும் பதினைந்தும் ஓரகத்திகள். ஒரு பாட்டில் பதினைந்துக்கு மட்டும் அழுத்தமான அடி விழுந்துவிட்டது என்று பதினாலாம் நம்பர் ஒரு வாரம் ரெஜினாவோடு பேசவில்லை, அடுத்த பாட்டில் மாற்றிவைத்த பிறகுதான் பேசினாள். பதின்மூன்றாம் நம்பர்க் கைக்குழந்தை அதன் வீட்டு அடி வந்தால்தான் தூங்கியது. பிச்சையா தையல் மெஷினை அதே வேகத்தில் மிதிக்கப் பழகி, இப்போது தையல் நேராக விழுகிறது என்றார். ரெஜினா பெட்டியை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்குக் கல்யாண வரவேற்பில் வாசிக்கப் போனால், சாயங்காலம் ஏழு மணிக்கு இங்கே பாத்திரங்கள் தாளம் போடும்; பெண்கள் அதைக் கேட்டு, இப்போது அந்தப் பாட்டு ஓடுகிறது, மாப்பிள்ளை வந்தாச்சு போல என்பார்கள்.

ஏழாம் நம்பர் தங்கப்பழம் ஐயா ஒருநாள் வந்து வாசலில் நின்றார். மனைவி போய் ஏழெட்டு வருஷம் ஆனவர், அதிகம் பேசாதவர். தன் கதவுக்கு வைக்கும் அடியைக் கொஞ்சம் கூட்டி வைக்கமுடியுமா என்று கேட்டார். ஏன் ஐயா, காது கேட்கவில்லையா என்று ரெஜினா கேட்டாள். காது நன்றாகக் கேட்கிறது என்றார். கதவை வேறு யாரும் தட்டுவதில்லை என்றார். அன்றிலிருந்து எந்தப் பாட்டாக இருந்தாலும் ஏழாவது அடி ஒரு பிடி கூடுதலாகவே விழுந்தது. கல்யாண மண்டபத்தில் ஆடுகிறவர்களுக்கு அது எப்படியோ பிடித்தும் போயிற்று.

பதினோராம் நம்பரில் மட்டும் சத்தம் வரவில்லை. பூட்டிய வீடு, பாத்திரமெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, ஆனாலும் பத்தாம் நம்பருக்கும் பன்னிரண்டாம் நம்பருக்கும் நடுவில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பள்ளம் விழுந்தது. ஹெட்போனில் பதினாறு அடியும் சரியாகக் கேட்கும், கழற்றினால் லைன் நொண்டும். ரெஜினா பதினோராவது பொத்தானில் கதவு அதிரும் கனத்தை வைத்துப் பார்த்தாள். ஒரே பொத்தானில் நாலு சத்தத்தை ஏற்றிப் பார்த்தாள். அந்தப் பெட்டியில் அவள் முழுதாகக் கற்றுக்கொண்ட முதல் விஷயம், ஒரே ஒரு பொத்தானை மட்டும் எடுத்து அதற்குச் செய்யக்கூடியது அத்தனையும் செய்வது எப்படி என்பதுதான். ஒன்றும் நடக்கவில்லை. பகல் வெயிலில் அந்தப் பூட்டு சும்மா தொங்கியது. லைன்காரர்கள் அதையும் பழகிக்கொண்டார்கள்: அந்த இடம் வரும்போது அரிவாள்மனையில் நறுக்குகிற கை ஒரு கணம் நிற்கும், பேசுகிறவர்கள் அங்கே மூச்சு வாங்கிக்கொள்வார்கள். யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ரெஜினாவுக்கு ஒவ்வொரு சுற்றிலும் அது கேட்டது, நிமிஷத்துக்கு இருபத்தைந்து தடவை, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்.

ஹமீது பாய் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோமதியின் நம்பர் அவளிடம் இருந்தது. எடுப்பாள், பார்ப்பாள், வைத்துவிடுவாள். என்னவென்று சொல்லித் தொடங்குவது?

நாலு மாதம் கழித்து வீட்டுக்காரரின் ஆள் வந்தார். பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம் ஒன்று குடிவரக் கேட்கிறது, பதினோராம் நம்பரைச் சும்மா பூட்டிவைத்திருப்பதில் அர்த்தமில்லை, அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் என்றார். லைன்காரர்களுக்குச் சந்தோஷம். ஆள் வந்துவிட்டால் அந்தப் பள்ளம் மூடிவிடும், தாளம் முழுசாகிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். வாத்தியார் வீட்டில் பித்தளைப் பாத்திரம் நிறைய என்றுகூட யாரோ விசாரித்து வந்து சொன்னார்கள். சரி, யார் கேட்பது என்று வந்தபோது எல்லோரும் ரெஜினாவைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை, பத்து மணிக்குப் பெட்டியை ஓடவிடாமல், அவள் கூப்பிட்டாள். நாலாவது மணியில் கோமதி எடுத்தாள். நம்பரைப் பார்த்துத்தான் எடுத்திருக்கவேண்டும், ஹலோ சொல்லவில்லை. ரெஜினா வீட்டைப் பற்றிக் கேட்கத்தான் வாய் திறந்தாள், ஆனால் வந்தது வேறு.

"தப்புனது மெஷின்தான் கோமதி. நீ இல்ல. மூணு வருஷமாவே தடுக்கிக்கிட்டு இருந்திருக்கு. பாய் திறந்து பாத்துச் சொல்லிட்டாரு. நாலு மாசமாச் சொல்ல வாய் வரல."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்தது.

"நான் என் தொண்டையல்லா சந்தேகப்பட்டேன்" என்றாள் கோமதி. "ரெண்டு வருஷமா அடுப்படியில கூட ஒரு வரி பாடல, தெரியுமா ஒனக்கு. பேத்தி தாலாட்டுக் கேட்டா மொபைல்ல போட்டு வெச்சிட்டேன்."

ரெஜினா போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோமதி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு கோமதி, வேறு ஏதோ நினைத்துக்கொண்டவளாக, கொஞ்சம் எரிச்சலான குரலில் கேட்டாள்.

"ஏட்டி, தெனமும் பத்து மணிக்கு இங்கன என் சாமான் தட்ட ஆட்டுதது நீதானா?"

ரெஜினா பெட்டியின் பதினோராவது பொத்தானைப் பார்த்தாள்.

நாலு மாதமாக நடக்கிறது என்றாள் கோமதி. பத்து மணியானால் சூரத்தில், ஐந்தாவது மாடியில், மகள் வீட்டு அடுக்களையில் ஒரு மூடி மட்டும் விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருக்கும், பன்னிரண்டு மணிக்கு நிற்கும். மருமகன் எலி என்றார், பிறகு கீழே ரயில் போகிறது என்றார், பிறகு தட்டையே மாற்றினார். கோமதிக்கு மட்டும் நாலாம் நாளே தெரிந்துவிட்டது. யார் வைத்த அடி என்று அவளுக்குத் தெரியாதா, பதினாலு வருஷம் அதன்மேல் ஏறிப் பாடியவள். ஆனால் கேட்பதற்கு அவளுக்கும் வாய் வரவில்லை. இன்றைக்குப் பத்து மணி ஆகியும் மூடி தட்டவில்லையே, ஆறாம் நம்பரில் ஏதும் ஆகிவிட்டதோ என்று போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோதுதான் மணி அடித்தது.

அடி வீட்டுக்கு அல்ல, ஆளுக்கு என்பது அப்போதுதான் ரெஜினாவுக்குப் புரிந்தது.

வருகிறாயா என்று அவள் கேட்டாள். மகள் வேலைக்குப் போகிறாள், பேத்தி என் கையில்தான் வளர்கிறது, இங்கேயும் ஒரு வாழ்க்கை ஆகிவிட்டது என்றாள் கோமதி. வீட்டைக் கொடுத்துவிடச் சொன்னாள். சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், சாமான்களை லைனில் யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். வைப்பதற்கு முன் கேட்டாள்:

"நாளைக்குப் போடுவல்லா?"

"போடுதேன்."

"கொஞ்சம் மெதுவாப் போடு. மருமவன் நைட் ஷிப்டு முடிச்சிட்டுத் தூங்குதாரு."

வாத்தியார் குடும்பம் ஆவணியில் குடிவந்தது. பித்தளைப் பாத்திரங்கள் இருந்தன, நிஜம்தான். ஆனால் பதினோராம் நம்பரில் அப்போதும் சத்தம் வரவில்லை. எல்லா வீட்டிலும் தட்டுகிறது, எங்கள் வீட்டில் மட்டும் ஏன் இல்லை என்று வாத்தியாரின் மனைவி வருத்தத்தோடு விசாரித்தபோது, பிச்சையா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, உங்கள் வீட்டுச் சத்தம் சூரத்தில் இருக்கிறதம்மா என்றார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் சரி, அங்கேயாவது கேட்கிறதல்லவா என்று சமாதானமானாள். அவளும் அந்த இடம் வந்தால் கரண்டியை நிறுத்தி மூச்சு வாங்கப் பழகிக்கொண்டாள்.

ரெஜினா கேட்பாள், கேட்காது. கேட்காது என்று தெரிந்துகொண்டே கேட்பாள். முன்பு அந்தப் பள்ளத்தில் ஒன்றுமே இல்லாதிருந்தது. இப்போது அதில் ஒரு ஐந்தாவது மாடி இருந்தது, ஒரு பேத்தி, தூங்குகிற ஒரு மருமகன், புதுத் தட்டில் ஒரு மூடி, அதன் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிற ஒருத்தி. ஏக்கம் குறையவில்லை. இருக்க ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, பத்து மணி ஆகி ஐந்து நிமிஷத்தில், பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கோமதி. எடுத்தால் பேச்சு இல்லை. ரெஜினா ஹெட்போனைக் கழற்றி, போனை ஸ்பீக்கரில் போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்பது, பத்து என்று வீடுகள் வரிசையாக அடித்துக்கொண்டு போயின. பத்தாம் நம்பருக்குப் பிறகு, போனுக்குள்ளிருந்து, சின்னதாக ஒரு மூடி தட்டியது. பன்னிரண்டாம் நம்பர் அதை வாங்கிக்கொண்டது.

லைன் முதல் தடவையாக முழுசாகக் கேட்டது. வெளியே பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நாலு சுற்று போயிற்று. ஐந்தாவது சுற்றில் போனுக்குள் ஒரு குரல் அம்மன் பாட்டின் முதல் வரியை மெல்லத் தொட்டது, தொட்டதும் கரகரத்து நின்றுவிட்டது.

"வரல ட்டி" என்றாள் கோமதி.

அடி சுற்றி வந்தது. குரல் மறுபடி தொடங்கியது, இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த குரல், பின்தங்கியது, எட்டிப் பிடிக்கப் பார்த்தது, மூச்சு போதவில்லை. அந்தக் குரலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று ரெஜினாவுக்குத் தெரியும். அவள் இடது கையால் வேகத்தின் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குமிழைத் திருப்பினாள். யோசிக்காமல், புத்தகத்தைப் பார்க்காமல், விரல்கள் தாமாகவே வழி கண்டு போயின. நூறு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றைந்து. எட்டாம் நம்பரில் பிச்சையாவின் கால் மெதுவானது. அரிவாள்மனைகள் மெதுவாயின. தங்கப்பழம் ஐயாவின் கதவு பொறுத்துத் தட்டியது, பதின்மூன்றாம் நம்பர்த் தொட்டில் நிதானமாக ஆடியது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினாறு வீடும் ஒருசேர நடையைக் குறைத்து, தொண்ணூறில், எண்பத்தாறில், சூரத்தில் ஒருத்தி வந்து சேரும்வரைக்கும் காத்திருந்தன.